பள்ளி வளாகத்து மஞ்சள் பட்டாம்பூச்சிகள்: சின்னது வளர்ந்துதான் பெரியதாகிறதா?

மணப்பாறை ஆசிரியை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மணப்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பட்டாம்பூச்சி என்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று கரும்பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி இட்டுக் காட்டுவேன். அத்தோடு பாடம் முடிந்துவிடும். இந்த ஐப்பசியில் அது போதவில்லை.

நான்கு நாள் மழை விட்ட மறுநாள் காலை. குழாயடி ஈரமண்ணில் பத்துப் பன்னிரண்டு சிறிய மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இறக்கையை மூடிக்கொண்டு நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. அதே நேரத்தில் மேலே சரக்கொன்றையைச் சுற்றி, அவற்றைவிட இரண்டு பங்கு பெரிய வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் நிற்காமல் பறந்தன. என் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர், கீழே இருப்பதெல்லாம் குட்டிகளா? வளர்ந்ததும் மரத்துக்குப் போய்விடுமா?"

இல்லை என்றேன். "அப்படியென்றால் ரெண்டும் வேறு வேறு என்று எப்படித் தெரியும்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை.

படம் எடுக்க முயன்றேன், எல்லாம் கலங்கலாக வந்திருக்கிறது. ஆகவே கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

சிறியது எலுமிச்சை மஞ்சள். முழங்காலுக்கு மேல் ஏறாமல் புல்லை ஒட்டியே பறக்கிறது. பறக்கும்போது இறக்கையின் ஓரத்தில் கருங்கரை தெரிகிறது, உட்கார்ந்ததும் மறைந்துவிடுகிறது. பெரியது வேகமாக, உயரத்தில் பறக்கிறது, மஞ்சளில் கொஞ்சம் வெண்மை கலந்தது. இன்னொன்றும் முன்பு உண்டு. பச்சை கலந்த வெள்ளை, பெரியதின் அளவுதான் இருக்கும். மேற்குச் சுற்றுச்சுவரை ஒட்டி ஆவாரைப் புதர்கள் இருந்தவரை தினமும் பார்ப்போம். ஆடி மாதம் பாதை அகலப்படுத்த வந்தவர்கள் பொக்லைனை வைத்து ஒரே காலையில் அத்தனை ஆவாரையையும் வழித்துவிட்டார்கள். பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வெள்ளைப் பூச்சியை நான் இங்கே பார்க்கவில்லை.

நான்காவது ஒன்று: மஞ்சள் இறக்கை, முன்னிறக்கையின் நுனியில் ஆரஞ்சுத் திட்டு, அதைச் சுற்றிக் கறுப்பு. கிழக்கு முள்வேலியில் மட்டும் வருகிறது.

கடைசியாக ஒரு குழப்பம். போன பங்குனியில் என் குறிப்பேட்டில் "சிறிய மஞ்சள், கரை மிக மெல்லியது, அடிப்பக்கம் பழுப்புக் கறைகள்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது பார்ப்பவற்றில் அந்தக் கறைகள் இல்லை, கரையும் அகலம். இது ஐந்தாவது வகையா?

பிள்ளைகள் தாங்களே பார்த்துப் பிரித்துக்கொள்ளும்படி ஒரு வழி சொல்லுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் எனக்குப் போதாது.

விலங்கியல் மாணவன், மதுரை

வணக்கம் டீச்சர். முதலில் அந்தத் தம்பிக்குப் பதில். கூட்டிலிருந்து வெளிவந்த பட்டாம்பூச்சி அதன்பின் வளராது. வளர்ச்சி முழுவதும் புழுப்பருவத்தில்தான். தின்னத் தீனி குறைந்த புழுவிலிருந்து சற்றே சிறிய பட்டாம்பூச்சி வரும். அது கடைசிவரை அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் சொன்ன எல்லாமே பியரிடே என்ற ஒரே பட்டாம்பூச்சிக் குடும்பம். இவற்றின் மஞ்சளும் ஆரஞ்சும் ப்டெரின் என்ற நிறமியால் வருபவை. கிரேக்க மொழியில் இறக்கைக்கு உள்ள சொல்லிலிருந்துதான் நிறமிக்கே பெயர் வந்தது, பட்டாம்பூச்சி இறக்கையில் கண்டெடுத்ததால்.

சிறியது காமன் கிராஸ் யெல்லோ, பெரியது காமன் எமிக்ரன்ட் என்று நினைக்கிறேன். பங்குனியில் நீங்கள் பார்த்தது வேறு இனம், ஸ்மால் கிராஸ் யெல்லோவாக இருக்கும். அதற்குக் கரை மெல்லியது. மற்றவற்றை இந்தக் குழுவில் இருக்கும் சிறுமலை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

நாற்றங்கால்காரன், சிறுமலை அடிவாரம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தம்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 22 ஆண்டுகளாக நாற்றங்கால் வைத்திருக்கிறேன். இந்த மஞ்சள் கூட்டத்தோடு என் பழக்கம் தொடங்கியது கொன்றைக் கன்றில் விழுந்த புழுவால். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் பெரிய இடம் ஒன்றுக்கு 300 சரக்கொன்றைக் கன்று ஒப்புக்கொண்டிருந்தேன். வண்டியில் ஏற்றும் நாளில் அவர்களுடைய தோட்டப் பொறுப்பாளர் வந்து பார்த்தார். இலையெல்லாம் ஓரம் தின்னப்பட்டிருந்தது. "பூச்சி விழுந்த கன்று வேண்டாம்" என்று போய்விட்டார். ஆத்திரத்தில் அன்று மாலையே பாத்தி முழுக்க மருந்து அடித்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் ஊற்றப் போனேன். பச்சைப் புழுக்கள் நடுநரம்பில் சுருண்டும், பாலித்தீன் பையின் ஓரத்தில் விழுந்தும் கிடந்தன. அப்போதே ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி வந்தது. உட்காரும் முன் காலால் இலையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தது. வயிற்றை வளைத்து, செம்பு நிறத் துளிர் ஒன்றில் ஒரு முட்டை வைத்தது. அடுத்த துளிருக்குப் போனது. அங்கும் ஒன்று. மருந்து மணக்கும் இலையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனது. நான் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். அன்றோடு கொன்றைப் பாத்திக்கு மருந்து அடிப்பதை விட்டுவிட்டேன். அதன்பின் அடிக்காமல் விட்ட ஒரு வரிசை மூன்று வாரத்தில் மறுபடி தழைத்து நின்றதையும் அதே பருவத்தில் பார்த்தேன். கன்று பிழைத்துக்கொள்ளும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பையனின் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான்: மஞ்சளைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. ஆண் ஒரு மஞ்சள், பெண் ஒரு மஞ்சள், மழைக்கு ஒரு மஞ்சள், கோடைக்கு ஒரு மஞ்சள். நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். எந்தச் செடியில் முட்டை வைக்கிறது, மூடிய இறக்கையின் அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள்.

உங்கள் குழாயடிச் சிறியவற்றை எடுத்துக்கொள்வோம். கிராஸ் யெல்லோ உட்கார்ந்தால் இறக்கையை விரிக்காது, ஆகவே கரையைப் பார்க்கப் பிள்ளைகள் தவிப்பார்கள். ஒரு உபாயம் இருக்கிறது. காலை வெயிலில் பூச்சிக்கு அந்தப் பக்கம் சூரியன், இந்தப் பக்கம் நீங்கள் என்று தரையோடு தரையாகக் குனிந்து உட்காருங்கள். வெளிச்சம் இறக்கையை ஊடுருவும்போது மேல்பக்கத்துக் கருங்கரை நிழலாகத் தெரியும். முன்னிறக்கையில் அந்தக் கரையின் உள்விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிறம் கரைக்குள் பல் பதித்ததுபோல் இரண்டு இடங்களில் புகுந்திருந்தால் காமன் கிராஸ் யெல்லோ அல்லது அதன் நெருங்கிய உறவான த்ரீ ஸ்பாட் கிராஸ் யெல்லோ. உள்விளிம்பு வழவழவென்று வளைந்து போனால் ஸ்மால் கிராஸ் யெல்லோ போன்ற வேறொன்று.

காமனையும் த்ரீ ஸ்பாட்டையும் பிரிக்க, முன்னிறக்கையின் அடிப்பக்கத்தில் உடலை ஒட்டிய பாதியில் நரம்புகள் சூழ்ந்த ஒரு நீள அறை இருக்கும், அதைப் பாருங்கள். அதற்குள் மெல்லிய பழுப்புக் குறிகள். இரண்டு இருந்தால் காமன், மூன்று இருந்தால் த்ரீ ஸ்பாட். பின்னிறக்கை பாதி மறைத்துக்கொள்ளும், ஆகவே பொறுமை வேண்டும். ஈரமண்ணில் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அவை லேசில் எழுந்து பறப்பதில்லை, நெருங்க அதுதான் நல்ல நேரம். அப்படிக் கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். மண்ணின் உப்புக்காக வருகின்றன.

ஆனால் என்னைக் கேட்டால் புள்ளியை எண்ணுவதைவிட முட்டையைப் பார்ப்பது எளிது. காமன் ஒரு இலைக்கு ஒன்றாகத் தனித்தனியே வைக்கும். த்ரீ ஸ்பாட் ஒரே இடத்தில் கும்பலாக வைக்கும். பொரித்த புழுக்களும் கூட்டமாகவே தின்னும், கூட்டமாகவே கூடு கட்டும். புழுவின் தலை பச்சையாக இருந்தால் காமன், கறுத்திருந்தால் த்ரீ ஸ்பாட். என் வாகைக் கன்று ஒன்றில் ஒரே குச்சியில் கறுத்த கூடுகள் நெல்மணி கோத்ததுபோல் வரிசையாகத் தொங்கின. ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பங்குனிக் குறிப்பு பற்றி. தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, அது வேறு இனமாக இருக்க வேண்டியதில்லை. காமன் கிராஸ் யெல்லோவே கோடையில் கரையைக் குறுக்கிக்கொண்டு, அடிப்பக்கத்தில் துருப்பிடித்தாற்போன்ற கறைகளோடு வரும். புழுவாக இருந்த நாட்களின் பகல் நீளமும் வெப்பமும் அதைத் தீர்மானிக்கின்றன. காய்ந்த புல்லில் உட்கார்ந்தால் சருகு போலத் தெரியும். ஐப்பசிப் பச்சையில் அந்த மறைப்புத் தேவையில்லை. எப்படி உறுதி செய்வது? பழைய குறிப்பில் முன்னிறக்கையின் நுனி எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நுனி கத்தரித்ததுபோல் சதுரமாகவும் பின்னிறக்கையின் அடியில் குறுக்கே செம்பழுப்புக் கோடும் இருந்தால் அது ஸ்பாட்லெஸ் கிராஸ் யெல்லோ. அதுவும் உங்கள் பக்கத்துப் பொட்டல் புல்லில் இருக்கக்கூடியதுதான்.

பெரியது காமன் எமிக்ரன்ட் என்பதில் தம்பி சொன்னது சரி. 1775-இல் ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் பெயரிட்டது. இதிலேயே இரண்டு உருவம் உண்டு. ஒன்றுக்கு உணர்கொம்பு சிவப்பாகவும், அடிப்பக்கத்தில் வெள்ளிப் புள்ளியைச் சுற்றிச் செவ்வளையமும் இருக்கும். மற்றதற்குக் கொம்பு கறுப்பு, அடிப்பக்கம் வெறுமை. இரண்டையும் தனித்தனி இனம் என்றே பெரிய ஆட்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரண்டும் வரும். உங்கள் பையனின் சந்தேகம் அவர்களுக்கும் வந்த சந்தேகம்தான் என்று அவனிடம் சொல்லுங்கள்.

அந்தப் பச்சை வெள்ளைப் பூச்சி மாட்டில்ட் எமிக்ரன்ட். அடிப்பக்கம் முழுக்க நகத்தால் கீறிவிட்டதுபோல் நுண்ணிய கோடுகள் இருக்கும், மேல்பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, முன்னிறக்கை நடுவில் ஒரு கரும்புள்ளி. அதன் புழுவுக்கு ஆவாரை, தகரை, பொன்னாவாரை போன்றவைதான் உணவு. உங்கள் பக்கத்தில் முக்கியமாக ஆவாரை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று மனிதருக்குச் சொல்லிவைத்தோம். இந்தப் பூச்சிக்கோ அது பிறந்து வளரும் வீடே. நீங்கள் ஆடியில் பார்த்தது புதர் அகற்றியதை மட்டும் இல்லை அம்மா. அந்தக் காலையில் இலையில் இருந்த முட்டை, புழு, கூடு எல்லாம் பொக்லைன் வாளியில் போய்விட்டன. தேன் குடிக்க அதற்கு ஆயிரம் பூ உண்டு, பெற்றுவைக்க இடம் இல்லையென்றால் அது ஏன் வரும்?

முள்வேலிக்காரர் யெல்லோ ஆரஞ்ச் டிப். குடும்பம் ஒன்றே ஆனாலும் கிளை வேறு, கொன்றைப் பக்கம் முட்டை வைக்க வராது. வேலியில் வளைந்த முள்ளோடு ஆதண்டைக் கொடி இருக்கிறதா என்று பாருங்கள், வற்றல் போடுவோமே அதே காய்தான். இருந்தால் அந்தப் பூச்சி அங்கேயே சுற்றுவதன் காரணம் புரிந்துவிடும். அந்த வேலியையாவது யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணப்பாறை ஆசிரியை

ஐயா, உங்கள் பதிலை அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மருந்தடித்த இலையில் முட்டை வைத்த இடத்தைப் படித்தபோது வகுப்பில் ஒரு பிள்ளையும் பேசவில்லை.

இன்று காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே ஏழு பேர் வந்துவிட்டார்கள். குழாயடிக்குக் கிழக்கே சூரியன், மேற்கே நாங்கள், சாக்குப் பையை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டோம். கரை நிழலாகத் தெரிந்தது! மஞ்சள் பல் பதிந்த இரண்டு இடங்களையும் அந்தப் பையன்தான் முதலில் காட்டினான். பிறகு அறைக்குள் புள்ளியை எண்ண முயன்றோம். ஐந்து பூச்சிகளில் தெளிவாக எண்ண முடிந்தது மூன்று. மூன்றிலும் இரண்டே புள்ளிகள்.

வேலியில் ஆதண்டை இருக்கிறது. சமையல் செய்யும் அக்காதான் காட்டினார், அவர் ஆண்டுதோறும் அதில் காய் பறிப்பாராம். இத்தனை வருடம் அதை வெறும் முள் என்றே கடந்துபோயிருக்கிறேன். இளந்துளிரில் நீண்ட முட்டை ஒன்று நிமிர்ந்து நின்றது. கைப்பேசியின் உருப்பெருக்கியில் பார்த்தால் சோளக்கதிர் போல வரிவரியாக இருந்தது.

பங்குனிக் குறிப்பில் இறக்கை நுனியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இனி எழுதுவேன்.

எமிக்ரன்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவை உண்மையிலேயே இடம்பெயர்கின்றனவா?

ஹட்டனிலிருந்து

வணக்கம். இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு எங்கள் வாசலிலேயே பதில் இருக்கிறது.

நாங்கள் வண்ணத்துப்பூச்சி என்போம். சிங்களத்தில் சமனலயா. சிவனொளிபாதமலையைச் சிங்களவர் சமனல கந்த, அதாவது வண்ணத்துப்பூச்சி மலை என்றும் அழைக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் வெள்ளையும் மஞ்சளுமாக இந்தப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒரே திசையாகப் பறப்பதை எங்கள் சனங்கள் காலங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். அவை மலைக்கு யாத்திரை போய் அங்கேயே உயிரை விடுகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனிதர்களின் யாத்திரைக் காலமும் மார்கழியிலிருந்து வைகாசி வரை என்பதால் இரண்டும் சேர்ந்தே என் நினைவில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நீங்கள் இங்கே பேசும் இரண்டு எமிக்ரன்ட்டும் முக்கியமானவை.

என் அம்மா கொழுந்து பறித்தவர். ஒரு சித்திரையில் நான் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். தேயிலை மட்டத்துக்குச் சற்று மேலே அவை வந்துகொண்டே இருந்தன. கூடை கட்டிய பெண்களின் தலைக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் மேலே எழும்பி, தாண்டியதும் பழைய உயரத்துக்கே இறங்கி, அதே திசையில் போயின. லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டின், சுவர் குறுக்கிட்டால் சுற்றிப் போகவில்லை, கூரைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கின. அம்மா பறிப்பதை நிறுத்தி, ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். ஒன்றுகூட அந்தக் கையில் உட்காரவில்லை. அவ்வளவு அவசரம் அவற்றுக்கு.

எங்கள் தீவின் வறண்ட பகுதிகளில் ஆவாரை நிறைய உண்டு, சிங்களத்தில் ரணவரா என்பார்கள், பூவைக் காயவைத்துத் தேநீராகக் குடிப்பார்கள். நாற்றங்கால் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, என் அம்மா கையை நீட்டி நின்ற அன்று பறந்து போனவற்றில் எத்தனை அந்த ரணவரா இலையைத் தின்று வளர்ந்தவையோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நியூ ஜெர்சி வாசகன்

ஒரு சிறு சேர்க்கை. நான் இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இந்தக் குடும்பத்தின் மஞ்சள்களை சல்ஃபர் என்கிறார்கள், கந்தகம் என்று பொருள். எங்களுக்கும் இதே தலைவலி. மஞ்சளாக இருப்பது கிளவுடெட் சல்ஃபர், ஆரஞ்சு ஏறியது ஆரஞ்ச் சல்ஃபர். முதலாவதின் புழுவுக்கு முக்கியமாகக் குளோவர் என்ற மூவிலைத் தீவனச்செடி, இரண்டாவதற்குக் குதிரைமசால். கலிஃபோர்னியாவில் குதிரைமசால் பயிருக்கே இது ஒரு பூச்சித் தொல்லை. கிழக்கே அந்தப் பயிர் பரவப் பரவ ஆரஞ்ச் சல்ஃபரும் கூடவே வந்து சேர்ந்தது. இப்போது ஒரே வயலில் இரண்டும் பறக்கின்றன, கலந்தும் பெற்றுக்கொள்கின்றன. போதாததற்கு இரண்டிலும் பெண்களில் சில வெள்ளையாகவே பிறக்கும்.

அவை தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்கின்றன என்பது எனக்குப் பெரிய வியப்பு. ஆரஞ்ச் சல்ஃபர் ஆணின் இறக்கை புற ஊதாக் கதிரை எதிரொளிக்கும், மற்றதன் ஆணுக்கு அது கிடையாது. பெண்ணின் கண்ணுக்கு அது தெரியும். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஐயா நிறத்தை நம்பாதீர்கள் என்றதும் இதுதான் நினைவுக்கு வந்தது. நாம் பார்க்கும் மஞ்சளும் அவை பார்க்கும் மஞ்சளும் ஒன்றில்லை.

நாற்றங்கால்காரன், சிறுமலை அடிவாரம்

ஹட்டன் அன்பருக்கு: உங்கள் அம்மாவின் கையைப் பற்றி எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

நியூ ஜெர்சி தம்பி சொன்ன சல்ஃபர்களுக்கு நம் ஊரில் ஒரே ஒரு நேரடி உறவுக்காரர் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. நீலகிரி கிளவுடெட் யெல்லோ. கோலியாஸ் என்ற பேரினம். அந்தப் பேரினத்தின் மற்ற சொந்தங்கள் இமயமலை, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று குளிர்ந்த நாடுகளில் இருக்க, தென்னிந்தியாவில் இது ஒன்றுதான். 1859-இல் ஃபெல்டர் என்ற தந்தையும் மகனும் பெயரிட்டார்கள். நீலகிரி, பழனிமலை, ஆனைமலை உச்சிப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத கூட்டம்.

எட்டு வருடத்துக்கு முன் விதை சேகரிக்க மன்னவனூர்ப் பக்கம் போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும், பனி விலகியதும் புல்லில் ஒரு மஞ்சள் எழுந்தது. எங்கள் அடிவாரத்து மஞ்சள் போலத் தத்தவில்லை, அம்பு போலப் பறந்தது. உட்கார்ந்ததும் மூடிய இறக்கையின் ஓரம் இளஞ்சிவப்பு, நடுவில் சிவப்பு வளையமிட்ட வெள்ளிப் புள்ளி. பறக்க எழும்போது பின்னிறக்கை நடுவில் ஆரஞ்சுப் பொட்டு மின்னியது. பின்னாலேயே வந்த பெண் கிட்டத்தட்ட வெள்ளை. அது இறங்கி, ஈரமான ஓடைக்கரையில் மூவிலையோடு நீலப்பூ பூக்கும் ஒரு சிறு படர்செடியில் வயிற்றை வளைத்தது. ஆள் நடந்தால் காலடியில் நசுங்கிப்போகும் செடி.

அந்தச் செடிக்கு வெட்டவெளிப் புல்தரை வேண்டும். பழனிமலையின் மேலே வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் நட்டு எவ்வளவு புல்வெளியை மூடியிருக்கிறோம் என்பது கொடைக்கானல் போய் வந்த எல்லோருக்கும் தெரியும். மரம் நடுவது என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், புல்வெளியில் மரம் நடக் கூடாது. அங்கே நடக் கன்று கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

ஆசிரியை அவர்களே, பிள்ளைகளோடு ஒன்று செய்து பாருங்கள். கொன்றைத் துளிரில் எமிக்ரன்ட் புழு ஒன்று, தகரையிலோ சித்தகத்தியிலோ கிராஸ் யெல்லோ புழு ஒன்று, இரண்டையும் அதனதன் இலையோடு தனித்தனி டப்பாவில் வையுங்கள். மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள். தினமும் புது இலை, எச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். எமிக்ரன்ட் புழு பச்சை, பக்கவாட்டில் வெளிர்கோடு, அதை ஒட்டி மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். நடுநரம்போடு ஒட்டிக் கிடக்கும், கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். முட்டையிலிருந்து இறக்கை வரை மொத்தமே ஏறக்குறைய மூன்று வாரம்.

மணப்பாறை ஆசிரியை

ஐயா, கார்த்திகை பிறந்துவிட்டது, தாமதத்துக்கு மன்னியுங்கள். டப்பாக்களின் கதையைச் சொல்கிறேன்.

மூன்று எமிக்ரன்ட் புழு, இரண்டு கிராஸ் யெல்லோ புழு வைத்தோம். எமிக்ரன்ட்டில் ஒன்று இறந்துவிட்டது. இலை மாற்றுவது முறை வைத்து நடந்தது, ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் வந்துவிடுவார். கூடு கட்டும் நாளில் புழு தன் இடுப்பைச் சுற்றி ஒரு நூலைப் போட்டுக் குச்சியோடு கட்டிக்கொண்டதைப் பிள்ளைகள் கண்டார்கள். தென்னை ஏறுபவர் கயிறு போட்டுக்கொள்வது போல என்று ஒரு பெண் சொன்னாள்.

பையன் அடிக்கோலை வைத்து இரண்டு கூடுகளையும் அளந்தான். ஒன்று இரண்டு சென்டிமீட்டர், மற்றது மூன்றுக்கும் மேல். நோட்டில் எழுதிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை எமிக்ரன்ட் கூட்டின் பச்சை மறைந்து, உள்ளே மஞ்சள் இறக்கை கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதுபோலத் தெரிந்தது. இரண்டாவது பாடவேளையில் வெளிவந்தது. இறக்கை நனைந்த காகிதம்போல் கசங்கியிருந்தது. "குட்டி!" என்று ஒருவர் கத்தினார். பையன், "பொறு" என்றான். வயிறு சுருங்கச் சுருங்க இறக்கை விரிந்தது. பாடவேளை முடிவதற்குள் முழு அளவு. மறுநாள் கிராஸ் யெல்லோ வந்தது, அதுவும் அப்படியே, ஆனால் விரிந்து முடிந்தபின்னும் அதன் பாதிதான். அவன் அடிக்கோலைக் கிட்டே பிடித்து அளந்தான், மாலையில் விடுவதற்கு முன் மறுபடி அளந்தான். இரண்டு அளவும் ஒன்று. "டீச்சர், இது இவ்வளவுதான்" என்றான்.

இப்போது அவனுடைய அடுத்த கேள்வி: ஆவாரை விதையை எப்படி நட வேண்டும்? மேற்குச் சுவரின் உள்பக்கம் நான்கடி அகலத்துக்குப் பள்ளி இடம் இருக்கிறது, தலைமையாசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார். பக்கத்துக் கரட்டில் பிள்ளைகள் காய்ந்த நெற்றுப் பறித்து வந்திருக்கிறார்கள். விதை கல்போல் இருக்கிறது.

நாற்றங்கால்காரன், சிறுமலை அடிவாரம்

அந்தப் பையனை என் நாற்றங்காலுக்கு ஒருநாள் அழைத்து வாருங்கள்.

விதையின் தோல் கடினம், அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். கொதி அடங்கியதும் விதையைப் போட்டு, அதே தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். காலையில் உப்பியிருப்பவற்றை எடுத்து நடுங்கள், உப்பாதவற்றை மறுபடி ஒருமுறை அப்படிச் செய்யுங்கள். பையில் வளர்க்க வேண்டாம். ஆணிவேர் சீக்கிரம் கீழே இறங்கும், பிடுங்கி நட்டால் தாங்காது. நேரே இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில், குழிக்கு மூன்று விதை. குழிக்குக் குழி மூன்றடி விடுங்கள். கார்த்திகை மழை இருக்கும்போதே போட்டுவிடுங்கள், பிறகு தண்ணீர்த் தொல்லை இருக்காது. ஆடு மேயாமல் முதல் வருடம் மட்டும் முள் வைத்து அடைக்க வேண்டும்.

குழி எத்தனை என்று எழுதுங்கள். விதை குறைந்தால் என்னிடம் இருக்கிறது, தபாலில் போடுகிறேன்.